ஆட்டுக் கொட்டத்து மூலையில் மணல் ஈ

பூச்சிக்கடி பற்றி ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை மணல் ஈ பற்றியவைதான் அதிகம். சுகாதாரத் துறையின் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு பூச்சி எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதுதான் நான் காலமெல்லாம் பார்த்த வேலை, அதைச் சொல்கிறேன்.

ஐயா, சாயங்காலம் கரையில் உட்கார்ந்து நண்டு வலை பிரிக்கும்போது கண்ணுக்கே தெரியாத பூச்சி கூட்டமாக வந்து கடிக்கிறது. நாள்பட்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் தரும் காலா அசார் நோயைப் பரப்பும் மணல் ஈ இதுதான் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் மணலிலேயே கிடப்பவர்கள். பயப்பட வேண்டுமா?
— மீனவர், தங்கச்சிமடம்

தம்பி, நீங்கள் சொல்கிற நேரத்தையும் இடத்தையும் பார்த்தால் அது வேறு பூச்சி. வெயில் தாழும்போது கழிச் சேற்றுப் பக்கமிருந்து கூட்டமாக வந்து கழுத்தையும் கையையும் பிடுங்கி எடுப்பது பொடிக்கொசு வகை. குலிக்காய்ட்ஸ் என்று பேர். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்தக் கூட்டம்தான். கடி பொல்லாத கடி, சொறிந்தால் புண்ணாகும். ஆனால் காலா அசார் அதனால் வராது.

மணல் ஈ இப்படிக் கூட்டம் கூட்டி வராது. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். உடம்பெல்லாம் மயிர். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகளை முதுகோடு படிய மடக்காமல், இரண்டையும் மேல்நோக்கி விரித்துத் தூக்கியே வைத்திருக்கும். காதோரம் ரீங்காரம் கேட்காது. நெடுந்தூரம் பறக்கவும் தெரியாது. தத்தித் தத்திப் போகும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்க்கை முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட பூச்சிக்குத் திறந்த கடற்கரை ஆகாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உங்கள் ஊர்க் கரையில் ஆளே நிற்க முடிவதில்லை. மணல் ஈயோ மெல்லிய காற்றுக்கே பறப்பதை நிறுத்தி ஒதுங்கிக்கொள்ளும். அலை நனைக்கிற மணலில் உப்பு. அலை எட்டாத மணல் பகலில் காலை வைக்க முடியாமல் சுடுகிறது, அதில் புழு தின்ன மக்கிய பொருளும் இல்லை. கரையில் வலை பிரிக்கிற உங்களைவிட, ஊருக்குள்ளே காற்று எட்டாத பின்கட்டில் மாட்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத்தான் மணல் ஈ தேடிப் போகும்.

எங்கள் வீடு மாமனார் காலத்தில் கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பின்சுவரை ஒட்டி ஆடுகளும் ஒரு பசுவும் கட்டியிருக்கிறோம், கோழிக்கூடும் அங்கேதான். கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போகிறார்கள். இருந்தும் ராத்திரி கணுக்காலில் கடி. தண்ணீர் தேங்கினால்தானே பூச்சி வரும்? எங்கள் வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்காது.
— இல்லத்தரசி, கீழக்கரை அருகில்

அம்மா, உங்கள் கடிதத்தை வைத்தே மணல் ஈ பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிடலாம். அவ்வளவு சரியாக எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

கொசுவுக்குத் தண்ணீர் வேண்டும், மணல் ஈக்கு வேண்டாம். அது மண்ணில் முட்டையிடுகிறது. புழு மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு மாதத்தில் ஈயாக வெளியே வரும். அந்த மண் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமான பூச்சி இது. ஈரப்பதம் இருக்க வேண்டும், ஆனால் நனைந்து சொதசொதவென்று இருக்கக் கூடாது. நேர் வெயில் படக் கூடாது. சாணமோ ஆட்டுப் புழுக்கையோ கோழி எச்சமோ மக்கின சருகோ கலந்திருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றுகூடுகிற இடம் ஒரு வீட்டில் எது? கொட்டத்துத் தரையும் சுவரும் சேர்கிற மூலைதான். மாடு மூத்திரம் போகிறது, கழுவின தண்ணீர் வழிகிறது, சுவர் நிழல் விழுகிறது, விளக்குமாறு அந்த மூலைவரை போவதில்லை.

அடுத்தது உங்கள் சுவர். கடல்பாறைக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், எங்கும் துளையாக இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு நன்றாக இருக்கிற வரை கவலையில்லை. உதிர ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு துளையும் ஈக்கு ஒரு அறை. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் துளைக்குள் குளிர்ச்சியாக, ஈரக்காற்றோடு இருக்கும். பகலெல்லாம் அங்கே ஒடுங்கிக் கிடந்துவிட்டு இருட்டினதும் வெளியே வரும். பக்கத்திலேயே மாடு, சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள். நெடுந்தூரம் பறக்கத் தெரியாத பூச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

விடியற்காலையில் நீங்களே பார்க்கலாம். டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காதீர்கள். சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் ஈயைவிட அதன் நிழல் பெரிதாகத் தெரியும், அதைப் பின்தொடர்ந்து ஈயைப் பிடித்துவிடலாம். விரலைக் கிட்டே கொண்டுபோனால் பறந்து மறையாது, ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி உட்காரும். கால்கள் வெள்ளியாக மின்னினால் அது ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் ஆக இருக்கலாம். வட இந்தியாவில் காலா அசாரைப் பரப்புகிற ஈ அதுதான், தமிழ்நாட்டிலும் இருக்கிறது. நாங்கள் துளை நிறைந்த சுவர்களில் ஆமணக்கெண்ணெய் தடவின தாளை ராத்திரி மாட்டிவைப்போம். காலையில் எடுத்தால் எண்ணெயில் ஒட்டிக் கிடக்கும். கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வயிற்று மயிர் நிமிர்ந்து நிற்கிறதா, படிந்து கிடக்கிறதா என்று தெரியும். நிமிர்ந்து நின்றால் ஃப்ளெபோடோமஸ். படிந்து கிடந்தால் செர்ஜெண்டோமையா. அதன் பெரும்பாலான வகைகள் பல்லி, ஓணான் ரத்தம் தேடுபவை. நம் பக்கத்துச் சுவர்களில் பல்லிக்குக் குறைவில்லை, ஆகவே இந்த இரண்டாவது வகையும் தாராளமாகக் கிடைக்கும்.

புகை ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரிந்திருக்கும். புகை காற்றில் கொஞ்ச நேரம் மிதக்கும், பறக்கிற கொசுவைக் கொல்லும். சுவர்த் துளைக்குள் ஒடுங்கிக் கிடக்கிற ஈயைத் தொடாது. அதனால்தான் காலா அசார் மாவட்டங்களில் சுவரிலேயே மருந்து தெளிக்கிறார்கள். வீட்டுச் சுவரிலும் கொட்டத்துச் சுவரிலும் 6 அடி உயரம்வரை படிகிற மாதிரி அடிப்பார்கள். அதிகம் பறக்காமல் சுவரிலேயே உட்காருகிற பூச்சி என்பதால் இந்த முறை வேலை செய்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவரைப் பூசுங்கள். காசு கிடைக்கும்போது மேலே போகலாம். மூலையில் குவிந்த சாணத்தையும் புழுக்கையையும் வாரிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள், குழி வீட்டை விட்டுத் தள்ளி வெயிலில் இருக்கட்டும். ஆடு மாட்டை நீங்கள் படுக்கிற அறைச் சுவரிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். மாடு பக்கத்தில் இருந்தால் ஈ மாட்டோடு போய்விடும், நம்மைக் கடிக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. அர்ஜென்டிபஸுக்கு மாட்டு ரத்தம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் மாட்டு ரத்தம் குடித்த ஈ மாட்டுச் சாணத்து மண்ணிலேயே முட்டையிட்டுப் பெருகும். பெருகினவை அத்தனையும் மாட்டோடு நிற்காது. மாட்டை விற்கச் சொல்லவில்லை, தள்ளிக் கட்டச் சொல்கிறேன்.

அதே ஈ இங்கேயும் இருக்கிறது என்றால் பீகாரில் நோய் இருந்து நமக்கு ஏன் இல்லை?
— கல்லூரி மாணவி, சாயல்குடி

நல்ல கேள்வி. நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களைக் குடைந்த கேள்வியின் மறுபக்கம் இது.

1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், நோயாளிகளின் மண்ணீரலில் காலா அசார் கிருமியைப் பார்த்தார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவர் அதற்கு முன்பே பார்த்து, அதே வருடம்தான் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவானி என்று ரொனால்ட் ராஸ் பெயர் வைத்தார். கிருமி தெரிந்துவிட்டது, ஆளிலிருந்து ஆளுக்கு அதைக் கொண்டுபோவது எது என்று தெரியவில்லை. மூட்டைப்பூச்சி என்றுகூட வெகுகாலம் தேடினார்கள். 1920களில் சின்டன் என்ற ராணுவ மருத்துவர் நோய் இருக்கிற இடங்களையும் அர்ஜென்டிபஸ் ஈ கிடைக்கிற இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. பூச்சியை அறுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே, அது வாழ்கிற இடம் துப்புக் கொடுத்துவிட்டது. ஈ கடித்துத்தான் பரவுகிறது என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் தாமாக முன்வந்தவர்களை வைத்து நிரூபித்து 1942இல் வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது சின்டனின் வரைபடம்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கங்கைச் சமவெளியில் வண்டல் மண்; நிலத்தடி நீர் மேலாக இருப்பதால் தரை எப்போதும் ஈரப்பதத்தோடு இருக்கும். சாணம் மெழுகின மண்சுவர், வீட்டோடு ஒட்டின மாட்டுக் கொட்டம், சுற்றிலும் மூங்கிலும் வாழையும். அந்த ஈக்கு வருடம் முழுக்கச் சாப்பாடும் வீடும் கிடைக்கிறது. நம் கரையில் அந்த ஈரம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வந்து கொஞ்ச மாதத்தில் வற்றிவிடும். ஆனால் மண்ணை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி பதில்தான். ஈ மட்டும் இருந்தால் நோய் வராது. கிருமியைச் சுமக்கிற ஆளும் வேண்டும். இந்தியாவில் காலா அசார் மனிதரிலிருந்து மனிதருக்குத்தான் போகிறது. காய்ச்சல் குணமான சிலருக்குப் பின்னால் தோலில் திட்டுத் திட்டாக வரும், அவர்களைக் கடிக்கிற ஈயும் கிருமியை எடுத்துக்கொள்ளும். அரசின் ஒழிப்புத் திட்டம் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய 4 மாநிலங்களின் 54 மாவட்டங்களில் நடக்கிறது. ராமநாதபுரம் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உங்கள் ஊருக்கு வடக்கே முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல் காடு இருப்பதால். சூடான் நாட்டில் இதே நோயைப் பரப்புவது அர்ஜென்டிபஸ் அல்ல, ஓரியன்டாலிஸ் என்ற வேறு ஈ. அது வீட்டுச் சுவரில் இருப்பதில்லை. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா, அந்த வெடிப்புக்குள் இருக்கும். மேலே கருவேல இனத்து மரங்கள். அங்கே மண் வரைபடத்தையும் மர வரைபடத்தையும் பார்த்தே நோய் எங்கே வரும் என்று கணிக்கிறார்கள். பீகாரில் இரவு வீட்டுக்குள் படுத்தவருக்கு வருகிற நோய், சூடானில் காட்டில் ஆடு மாடு மேய்க்கப் போனவருக்கு வருகிறது. கிருமி ஒன்றுதான், ஈயின் வீடு வேறு. நம் கரிசலில் ஓரியன்டாலிஸ் கிடையாது, பயம் வேண்டாம்.

என் மகன் சவூதியில் அல் அஹ்ஸா பக்கம் தோட்ட வேலையில் இருக்கிறான். முன்கையில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து, நடுவில் குழியும் ஓரத்தில் மேடுமாக மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. வலி இல்லை என்கிறான். ஈ கடித்தது என்று சொல்கிறார்களாம். விடுமுறைக்கு ஊர் வந்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டுமா?
— ஒரு தகப்பனார், பெரியபட்டினம்

அண்ணே, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பது தோல் லீஷ்மேனியா மாதிரி இருக்கிறது, அதாவது காலா அசார் கிருமியின் இனத்துக் கிருமியால் வருகிற தோல் புண். மருத்துவர் புண்ணின் ஓரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சட்டும். அங்கேயே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து காட்டினால் எந்த ஊரில், என்ன வேலையில் இருந்தான் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணச் சிரங்கு என்று களிம்பு எழுதிக்கொடுத்து நாள் போய்விடும்.

அல் அஹ்ஸாவில் ஏன் இந்த நோய் என்பது நம் கரைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். நம் உப்பளத்து ஓரத்தில் உமரி முளைக்கிறது, கீரையாகக்கூடச் சமைக்கிறோம். அந்தக் குடும்பத்துச் செடிகள் பாலைவனத்து உப்பு மண்ணிலும் உண்டு. அதை மட்டுமே பெரும்பாலும் தின்று வாழ்கிற பருத்த மணல் எலி ஒன்று அங்கே இருக்கிறது. அந்தச் செடிக்கு அடியிலேயே வளை தோண்டும். வெளியே அனல் பறந்தாலும் வளைக்குள் ஈரமும் குளிர்ச்சியும். பாப்பட்டாசி என்ற மணல் ஈ அங்கே குடியிருக்கும். எலி உடம்பில் லீஷ்மேனியா மேஜர் என்ற கிருமி. ஈ எலியைக் கடித்துவிட்டு, பக்கத்தில் தோட்டம் போட்டுத் தங்கின மனிதனையும் கடிக்கிறது. செடி, எலி, வளை, ஈ, எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் நோய். பாப்பட்டாசி தமிழ்நாட்டிலும் இருக்கிறது, உமரியும் இருக்கிறது. அந்த எலி இல்லை. ஆகவே உங்கள் மகன் ஊருக்கு வருவதால் ஊருக்கு நோய் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லி ஒரு பிள்ளையை ஒதுக்குவது எனக்குத் தாங்காது.

இலங்கையிலும் மணல் ஈயால் தோல் நோய் இருக்கிறதாமே? தனுஷ்கோடிக்கு எதிரே தலைமன்னார்தானே, ஈ கடல் தாண்டி வராதா?
— கடைக்காரர், ராமேஸ்வரம்

இருக்கிறது. அங்கேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். வேடிக்கை என்னவென்றால், வட இந்தியாவில் மண்ணீரலைத் தாக்குகிற அதே டோனோவானி கிருமி அங்கே பெரும்பாலும் தோல் புண்ணோடு நின்றுவிடுகிறது, ஈயும் அர்ஜென்டிபஸ்தான். நடுவில் இருக்கிற கடல் சுமார் 30 கிலோமீட்டர். சில நூறு மீட்டர் பறக்கிற பூச்சியால் அது ஆகாது.

கொசுவலை போதுமா?
— வாசகி, தேவிபட்டினம்

சாதாரண வலையின் கண்ணுக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். கண் நெருக்கமான வலை வாங்குங்கள், மருந்து ஊறின வலை கிடைத்தால் இன்னும் நல்லது. வலைக்குள் புழுக்கமாக இருக்கும் என்பது தெரியும். மின்விசிறியை வேகமாக வையுங்கள். காற்றே இந்த ஈக்கு எதிரி.

வீட்டைச் சுற்றி சீமைக்கருவேலம். வெட்டிவிட்டால் மணல் ஈ ஒழியுமா?
— விவசாயி, திருப்பாலைக்குடி

மரத்தால் மட்டும் ஈ வராது. மரத்தடி நிழலில் எலி வளை இருக்கும், சருகு மக்கும், கறையான் புற்று எழும்பும். அங்கெல்லாம் ஈ தங்கும். செடிச் சாறும் அதற்கு உணவு. வீட்டை ஒட்டி இருப்பதைத் தூரோடு எடுத்துவிட்டு, வளைகளை மண் போட்டு மூடுங்கள். மரத்தை வெட்டிவிட்டு வளையை விட்டுவைத்தால் பயன் கொஞ்சம்தான்.

செய்தியில் சண்டிபுரா என்று பார்த்தேன். எனக்கு மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.
— இளம் தாய், ஏர்வாடி

அம்மா, அதுவும் மணல் ஈ பரப்புகிற நோய்தான், ஆனால் கிருமி வேறு, இது வைரஸ். 1965இல் நாக்பூர் பக்கம் சண்டிபுரா கிராமத்தில் கண்டுபிடித்தார்கள். 2003இல் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும், 2024இல் குஜராத்திலும் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே மழைக்காலத்தில் வரும். காய்ச்சல் வந்து ஒரே நாளுக்குள் வலிப்பு, மயக்கம் என்று போகிற வேகம்தான் ஆபத்து. எந்த ஊரானாலும், எந்தக் கிருமியானாலும், சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் மந்திரித்துப் பார்க்கலாம், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே 108க்குக் கூப்பிடுங்கள். குழந்தையைத் தரையில் சுவரோரம் படுக்க வைக்காமல் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டுப் படுக்க வையுங்கள்.

ஐயா, எங்கள் வீட்டுச் சுவரில் பிடித்த பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு அனுப்பினால் என்ன வகை என்று சொல்வீர்களா?
— பள்ளி மாணவன், தொண்டி

தம்பி, ஆர்வத்துக்கு என் வாழ்த்து. ஆனால் தீப்பெட்டியில் போட்டால் வந்து சேரும்போது மயிரும் காலும் உதிர்ந்து தூளாகிவிடும், ஒன்றும் சொல்ல முடியாது. விரலால் நசுக்காதே. ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒற்றி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றின சின்னக் குப்பியில் போடு. ஸ்பிரிட் எடுக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தால் பூச்சியியல் பிரிவுக்கு அனுப்புவார். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தேதி, ஊர் எழுதினால் போதாது. தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் பிடித்தாய், சுவர் கல்லா மண்ணா சிமென்டா, பக்கத்தில் என்ன கட்டியிருக்கிறது, கால் வைத்த மண் ஈரமா காய்ந்ததா, அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, இத்தனையும் எழுது.